பாட்டனாரின் இரண்டு இரட்டைக் குழல்கள்: எதை வைப்பது, எதைச் சுடுவது, எதை விடுவது

சென்ற ஆண்டு என் தந்தையாருக்கு 70 வயது நிறைந்தது. அவருடைய ஆயுத உரிமத்தில் இரண்டு இரட்டைக் குழல் துப்பாக்கிகள் பதிவாகியிருக்கின்றன. இரண்டும் பாட்டனார் வழி வந்தவை. முதலாவது, குழல் வாயின் அளவால் 12 போர். குதிரைகள், அதாவது தோட்டாவை வெடிக்கவைக்கத் தட்டும் சுத்தியல்கள், பூட்டுக்குள் மறைந்திருக்கும் வகை. இரண்டாவது 10 போர். வெளியே இரண்டு குதிரைகள் முயல் காதுகளைப் போல நிமிர்ந்து நிற்கும், குழல் நெடுகிலும் பாம்புச் சட்டையைப் போல வரி ஓடும். தேன்கனிக்கோட்டையைத் தாண்டி அஞ்செட்டிப் பாதையில் இருக்கும் எங்கள் ஊரில், கேழ்வரகுக் கொல்லைக்குப் பரண் கட்டிக் காவல் இருந்த காலத்தில் முதலாவது உழைத்தது. இரண்டாவது ஏதோ ஓர் ஏலத்தில் எடுத்தது என்பதற்கு மேல் வீட்டில் எவருக்கும் அதன் கதை தெரியாது. இவ்விரண்டையும் என்ன செய்வது என்று தீர்மானிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, அப்படியே வைத்திருப்பது, புதுப்பிப்பது, களத்தில் சுடுவது, கைமாற்றுவது என நான்கு வழிகளை எழுதி வைத்துக்கொண்டேன். ஓராண்டு அலைந்த பின், இரண்டு துப்பாக்கிகளுக்கும் ஒரே விடை பொருந்தாது என்பதும், குழலின் அடிப்புறத்தில் பொறித்திருக்கும் சில எண்களே பெரும்பாலும் அந்த விடையைத் தீர்மானித்துவிடுகின்றன என்பதும் தெளிவாயின.

போர் என்ற கணக்கே பலருக்குத் தலைகீழாகத் தோன்றும். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அதுவே 12 போரின் அளவு. அதாவது ஏறத்தாழ 18.5 மி.மீ. அதே பவுண்டை 10 உருண்டைகளாக்கினால் 19.7 மி.மீ., 8 ஆக்கினால் 21.2 மி.மீ. எண் குறையக் குறைய வாய் அகலும். 10, 8, 4 என்ற பெரிய போர்கள் இங்கிலாந்தின் கடலோரச் சதுப்புகளில் உயரப் பறக்கும் காட்டு வாத்துகளைச் சுடுவதற்காகவே பெரிதும் செய்யப்பட்டவை. 12 போர் இரட்டைக் குழல் சுமார் 3 கிலோ இருக்கும்; 8 போர் அதைப் போல இரு மடங்கும் இருக்கலாம். ஒரு தோட்டாவிலுள்ள சிறு குண்டுகளின் எடையைப் போல் 96 மடங்கு துப்பாக்கி எடை இருந்தால் தோள் தாங்கும் என்பது அந்நாட்டுத் தொழிலாளரின் பழைய கணக்கு. 30 கிராம் குண்டு போடும் துப்பாக்கி 2.88 கிலோவாவது இருக்க வேண்டும் என்று இதிலிருந்து தெரிகிறது.

வழிகளை ஒப்பிடும் முன், சட்டம் எவற்றை அடைத்துவிட்டது என்று பார்த்துக்கொள்வது வீண் அலைச்சலைக் குறைக்கும். மேலை நாடுகளில் ஒருவர் இத்தகைய பழந்துப்பாக்கிகளை டஜன் கணக்கில் சேகரித்து வைத்திருப்பதைக் கேட்டு ஆசைப்படுவோர் நம்மிடையே உண்டு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்கு 2019 டிசம்பரில் வந்த திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய சுடுகலன்களின் எண்ணிக்கையை 3இலிருந்து 2ஆகக் குறைத்தது; பரம்பரையாக வருவனவற்றுக்கும் அதே வரம்புதான். ஆகவே இங்கே சேகரிப்பு என்பது இரண்டோடு முடிந்துவிடுகிறது; மூன்றாவதாக ஒன்றின் மேல் மனம் போனால் இருப்பதில் ஒன்றை விட வேண்டும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, உரிமம் பெற்றவர் இறந்த பிறகுதான் வாரிசு விண்ணப்பிக்க வேண்டும் என்பதில்லை. அவருக்கு 70 வயது நிறைந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, எது முந்துகிறதோ அப்போதே சட்டப்படியான வாரிசுக்கு உரிமம் கோரலாம். தந்தையார் உயிரோடும் நல்ல நினைவோடும் இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது எவ்வளவு மேல் என்பதை, பெரியவர் இறந்த துக்கத்தோடு காவல் நிலையத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் நடந்த உறவினர் ஒருவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். உரிமையாளர் இறந்தால் துப்பாக்கியை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ தாமதமின்றி ஒப்படைத்துவிட வேண்டும். பரணில் இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று விட்டுவைத்தால் அது உரிமமற்ற ஆயுதம். அதற்கான தண்டனை 2 ஆண்டுகளிலிருந்து 5 ஆண்டுகள் வரை.

எங்கள் பகுதிக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்டது. 2022இல் காவேரி தெற்குச் சரணாலயமும் வந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, சரணாலயத்திலிருந்து 10 கி.மீ.க்குள் வசிக்கும் ஆயுத உரிமதாரர்கள் வனத்துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. அந்த வட்டத்துக்குள் புதிய உரிமம் வழங்க மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு தேவை. கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு போகும் அஞ்செட்டி, ஜவளகிரி, உரிகம் பக்கத்துக் குடும்பங்கள் இதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. வேட்டை என்ற வழியை அதே சட்டம் அடைத்துவிட்டதால், அதைப் பற்றி இங்கே ஒப்பிட ஏதுமில்லை. பயிர்க்காவல் உரிமம் இருந்தாலும் காட்டுப்பன்றியையோ மயிலையோ நினைத்தவுடன் சுட முடியாது.

இனி எண்களுக்கு வருகிறேன். முன்கட்டையைக் கழற்றி, குழல்களைப் பூட்டிலிருந்து பிரித்து, தோட்டா அறைக்குக் கீழே உள்ள தட்டையான பகுதியைத் திருப்பிப் பார்த்தால் சிறுசிறு முத்திரைகள் தெரியும். இங்கிலாந்தில் லண்டனிலும் பர்மிங்காமிலும் உள்ள சோதனைச் சாலைகள், வழக்கமான மருந்தைவிடக் கடுமையான மருந்தை வைத்துச் சுட்டுப் பார்த்துக் குழல் தாங்கினால் இட்ட முத்திரைகள் அவை. பர்மிங்காம் சாலை 1813இல் சட்டம் இயற்றி ஏற்படுத்தப்பட்டது. இரண்டு குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையில் பொன் எழுத்தில் ஒரு சென்னைக் கடையின் பெயரோ கல்கத்தாக் கடையின் பெயரோ இருப்பதைப் பார்த்து, அதுவே செய்தவரின் பெயர் என்று மகிழ்ந்து விலை பேசுவோர் பலர். அக்காலத்தில் சென்னை ஓக்ஸ், கல்கத்தா மேண்டன் போன்ற கடைகள் பர்மிங்காமில் செய்வித்துத் தம் பெயரைப் பொறித்து விற்றன. ஆகவே பட்டை சொல்வதைவிட அடிப்புறம் சொல்வதையே நம்ப வேண்டும்.

எங்கள் 12 போரின் அடியில் 13/1 என்ற எண்ணும், 2½ அங்குலம் (65 மி.மீ. என வழங்குவது) என்ற தோட்டா அறை நீளமும், புகையற்ற நைட்ரோ மருந்துக்குச் சோதிக்கப்பட்டது, குண்டு 1⅛ அவுன்ஸுக்கு மேற்படக் கூடாது என்ற வாசகமும் இருந்தன. இத்தகைய பொறிப்பு 1925க்கும் 1954க்கும் இடைப்பட்ட விதிகளைச் சேர்ந்தது. 13/1 என்றால் சோதனை நாளில் குழலின் உள்விட்டம் 0.719 அங்குலம். துரு தின்று, பிறகு தேய்த்து மெருகேற்றி அது 0.729ஐ எட்டிவிட்டால், அன்றைய சோதனை இன்றைக்குச் செல்லாது. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் ஒருவர் உள்விட்டமானியை வாயிலிருந்து உள்ளே விட்டு, அடியிலிருந்து 9 அங்குலத்தில் அளந்து 0.724 என்றார். பாதி வழி கரைந்திருக்கிறது, பாதி மிஞ்சியிருக்கிறது. குழலின் சுவர் மிக மெலிந்த இடத்தில் 0.65 மி.மீ. இருந்தது. அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சுடுவதை நிறுத்திவிடுவது என்பது அத்தொழிலில் பொதுவாகக் கடைப்பிடிக்கும் எல்லை. குழல்களைத் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டினார். சந்தையில் பானை வாங்கும் பாட்டி தட்டுவதைப் போலத்தான். கணீரென்று ஒலித்தால் குழல்களையும் பட்டையையும் சேர்த்த ஈயப்பற்று உறுதியாக இருக்கிறது; மந்தமாக ஒலித்தால் எங்கோ விட்டிருக்கிறது. எங்களுடையது கணீரென்றது.

10 போர் அப்படியன்று. அதன் அடியில் ஒற்றை உருண்டைக் குண்டு போடலாகாது என்னும் பொருள்பட ஒரு வாசகம் இருந்தது. வாய்ப்பக்கம் குறுகிய, சோக் எனப்படும் அமைப்புள்ள குழல்களுக்கு 1875 முதல் 1887 வரை மட்டுமே அவ்வாறு பொறித்தார்கள். நைட்ரோ முத்திரை எங்கும் இல்லை. ஆகவே அது பழைய வகைக் கருமருந்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்ட துப்பாக்கி. அதில் இன்றைய தோட்டா எதையும் போடக் கூடாது. அதன் குழல்கள் டாமஸ்கஸ் வகை. டாமஸ்கஸ் குழல் என்பது இரும்பும் எஃகும் சேர்ந்த பட்டைகளை முறுக்கி, ஒரு தண்டின் மேல் சுற்றி, உலையிலிட்டு அடித்து ஒட்டவைத்தது. அழகான வரிகள் அந்த ஒட்டுகளால் வந்தவையே. ஒட்டுகளுக்குள் நூறாண்டுக்கு மேலாகத் துரு எவ்வளவு ஊறியிருக்கிறது என்பது வெளியே தெரியாது. தட்டிப் பார்த்தபோது ஒலியும் சற்று மந்தம்தான்.

புதுப்பிப்பது என்ற சொல்லுக்குள் மூன்று வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. மூன்றுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. முதலாவது துடைத்துப் பேணுவது. இரண்டாவது, உரிமம் பெற்றவரிடம் கொடுத்துத் தளர்ந்த பூட்டை இறுக்குவது, உடைந்த விசைவில்லை மாற்றுவது, கட்டையில் விழுந்த பள்ளத்தை ஈரத்துணியும் சூடும் கொண்டு எழுப்புவது போன்றவை. மூன்றாவதுதான் ஆபத்து: ஓசூரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு லேத் பட்டறை உண்டு, மைக்ரான் கணக்கில் கடைந்து தருவார்கள், இதைச் செய்ய மாட்டார்களா என்ற எண்ணம். அவர்களுடைய கைத்திறனைப் பற்றி எனக்கு ஐயமே இல்லை. ஆனால் சுடுகலனைப் பழுதுபார்ப்பதற்கே ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு உரிமம் கேட்கிறது. குழலை அறுத்துக் குறைப்பதை 6ஆம் பிரிவு தனியே தடுக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, தொழில்நுட்பத்திலும் அது கேடு. இயந்திர உறுப்புகளைக் கொதிக்கும் காரக் கரைசலில் முக்கிக் கறுப்பாக்கும் முறையை இரட்டைக் குழலுக்குச் செய்தால், குழல்களைச் சேர்த்திருக்கும் ஈயப்பற்றைக் காரம் அரித்துவிடும். சில மாதங்களில் பட்டை தனியே கழன்று வரும். பழைய குழல்களுக்கு நாள்கணக்கில் மெல்லத் துருவேற்றித் துடைக்கும் முறையே உரியது. பஃபிங் சக்கரத்தில் பிடித்தால் செதுக்கு வேலையோடு, மேலே சொன்ன எண்களும் மழுங்கிப்போகும். எண்கள் போன துப்பாக்கி சாதகம் தொலைந்த பிள்ளை.

தோட்டா அறையை 65 மி.மீ.இலிருந்து 70 மி.மீ.க்குக் கடைந்து நீட்டிவிடலாம் என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். அழுத்தம் மிகுதியாக எழும் இடத்தில் சுவரை மெலிதாக்கும் வேலை அது. செய்தால் மறுபடி சோதனைக்கு உட்படுத்த வேண்டும். மறுத்துவிட்டேன்.

தகடூர் நாட்டில் ஆயுதம் பற்றிப் பேசும்போது, தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி மாலை சூட்டி இருப்பதையும் அதியமானின் படைக்கலங்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் ஔவை ஒப்பிட்டதை யாரேனும் நினைவூட்டாமல் விடுவதில்லை, எனக்கும் நினைவூட்டினார்கள். வேலுக்கு அது சரி. குழல் துப்பாக்கி பட்டறைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெலிந்தே திரும்புகிறது என்பதால், இந்த ஒரு செய்தியில் நான் தொண்டைமான் பக்கம். நெய்யைப் பற்றியும் ஒரு குறிப்பு: பாட்டனார் தேங்காய் எண்ணெய் பூசி வைத்திருந்தார். தேன்கனிக்கோட்டை மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் புட்டியிலேயே உறைந்து நிற்கும். பூட்டுக்குள்ளும் அது உறையும், வெயில் காலத்தில் பிசினாகும். 12 போரின் இடப்பக்க விசை மசமசவென்று இருந்ததற்குக் காரணம் இதுதான் என்று பிரித்தபோது தெரிந்தது. துப்பாக்கிக்கென உள்ள மெல்லிய எண்ணெயைத் துளி அளவே இட்டு, சில நாள் குழல் வாய் கீழே இருக்குமாறு சாய்த்து வைத்தால், மிகுதி எண்ணெய் கட்டைக்குள் இறங்கி மரத்தை ஊறவைக்காது.

சுடுவது என்ற வழி 12 போருக்கு மட்டும் திறந்திருக்கிறது. களிமண் தட்டு எனப்படும் இலக்கு பறக்க, அதைச் சுட்டுச் சிதறடிக்கும் ட்ராப் விளையாட்டில் தட்டின் விட்டம் 110 மி.மீ.; தோட்டாவில் 24 கிராமுக்கு மேல் குண்டு கூடாது. தமிழ்நாட்டில் இதற்குப் பெயர் பெற்ற இடம் புதுக்கோட்டை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் பிரிவில் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமான் அவ்வூரைச் சேர்ந்தவர். இன்றைய போட்டியாளர்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குழல் அமைந்த துப்பாக்கியையே பயன்படுத்துகிறார்கள். பக்கம் பக்கமாகக் குழல் அமைந்த நம் பழைய துப்பாக்கியோடு போட்டிக்குப் போவது மாட்டு வண்டியில் மணிக்கணக்குப் பார்ப்பது போன்றது. மனமகிழ்ச்சிக்கு, களத்தாரிடம் முன்கூட்டியே கேட்டு இசைவு பெற்று, ஆண்டுக்கு இருமுறை சுடலாம். கிருஷ்ணகிரியிலிருந்து ஏறத்தாழ 300 கி.மீ. பயணம்; உரிமத்தில் குறித்த எல்லைக்குள் அந்த மாவட்டம் அடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 24 கிராம் என்பது பழைய குழலுக்கும் தோளுக்கும் இதமான அளவு என்பது இதிலுள்ள நன்மை.

ஆனால் தோட்டாவின் நீளத்தில் கண் வைக்காவிட்டால் அந்த நன்மை பாழ். புனே அருகிலுள்ள கட்கித் தொழிற்சாலையின் சக்திமான் தோட்டா ஆனாலும் வெளிநாட்டுத் தோட்டா ஆனாலும், பெட்டியில் எழுதியிருக்கும் நீளம் சுட்ட பின் வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். சுடாத 70 மி.மீ. தோட்டா வாய் மடிந்து குட்டையாக இருப்பதால், 65 மி.மீ. அறைக்குள் எந்தத் தடையுமின்றி வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடும். பூட்டும் அழகாக மூடிக்கொள்ளும். விசையை இழுத்ததும் மடிப்பு விரிய இடமின்றி, அறை குறுகிக் குழலாகும் கழுத்தில் போய் நெருக்கும், அழுத்தம் எகிறும். உள்ளே போகிறதே, அப்படியானால் பொருந்துகிறது என்ற கணக்கு இங்கே செல்லாது. 65 என்று தெளிவாக எழுதிய பெட்டி கிடைக்காத நாளில் சுடாமல் திரும்புவதே என் வழக்கமாக இருக்கும்.

10 போரைச் சுட வேண்டுமானால் கருமருந்துத் தோட்டா வேண்டும். நம் கடைகளில் 10 போர் தோட்டாவே எனக்குக் கிடைக்கவில்லை. பித்தளைக் கூடு வாங்கி வீட்டிலேயே அடைத்துக்கொள்ளலாம் என்று சொல்வோர், தோட்டா தயாரிப்பதற்கும் உரிமம் வேண்டும் என்பதையும், மலைக் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கி வெடித்து விரல் இழந்தவர்கள் எத்தனை பேர் நம் கண்ணெதிரே நடமாடுகிறார்கள் என்பதையும் மறந்து பேசுகிறார்கள்.

விட்டுவிடுவது என்று முடிவானால், யாரிடம் விடுவது? துப்பாக்கிதான் ஓடவில்லையே, தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியைக் கழற்றிவிட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம், உரிமம் எதற்கு என்று கேட்பவர்கள் ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவை அரைகுறையாகப் படித்தவர்கள். பழமைச் சிறப்புள்ள ஆயுதத்துக்கு அங்கே விலக்கு உண்டு. ஆனால் பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடுகலனாகப் பயன்படுத்த முடியாத நிலையில் அது இருக்க வேண்டும். ஓர் ஊசியை வாங்கி மாட்டினால் உயிர்பெறும் பொருள் அதில் அடங்காது. அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பது கேட்பதற்கு இனிமையான யோசனைதான்; தருமபுரி அருங்காட்சியகத்தில் வாளும் வில்லுமாக நிற்கும் நடுகல் வீரர்களின் நடுவே, எவர் கையிலிருந்து வந்தது என்றே தெரியாத ஓர் இங்கிலாந்து வாத்துத் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று எனக்கே தோன்றிவிட்டது. வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு அனுப்புவதற்கும் வழியில்லை. 100 ஆண்டைக் கடந்த பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருவதால் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. மிஞ்சுவது உரிமம் பெற்ற வணிகரும், ஏற்கெனவே உரிமமும் காலியிடமும் உள்ள மற்றொரு தனியாரும். ஓசூர்க்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் பெங்களூருதான் கைக்கெட்டும் தூரம். ஆனால் தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் உரிமத்தோடு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டினால் அந்த 40 கி.மீ. பெருந்தொலைவாகிவிடும். விலை பேசுவது 12 போருக்கு எளிது. 1980களில் தனியார் இறக்குமதி அடைபட்டதிலிருந்து நல்ல இங்கிலாந்து 12 போர்களுக்குத் தேவை குறையவே இல்லை. தோட்டா கிடைக்காத 10 போரைத் தொட்டுப் பார்த்து வியப்பவர்கள் உண்டு, வாங்குபவர்கள் அரிது.

அப்படியே வைத்திருப்பதற்கும் செலவு உண்டு என்பதைத் தேர்தல் வரும்போதெல்லாம் உணர்கிறோம். அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ வணிகரிடமோ ஒப்படைக்கச் சொல்வார்கள். உறைக்குள் திணித்து மூலையில் சாய்த்த நிலையில் வாரக்கணக்கில் கிடந்து திரும்பும்போது, புதிய துருப் புள்ளிகளோடு வரும். இப்போது ஒப்படைக்கும் முன் எண்ணெய்த் துணி சுற்றி, தோல் உறைக்குப் பதில் காற்றாடும் பருத்தி உறையில் இடுகிறோம். தோல் ஈரத்தை உறிஞ்சிக் குழலோடு ஒட்டவைத்துக்கொள்ளும்.

இவ்வளவையும் எடை போட்ட பின் என் தீர்மானம் இதுவாயிற்று: 12 போரை என் பெயருக்கு மாற்றுவது, பூட்டைத் துடைத்து ஊசிகளை மட்டும் சரிசெய்வது, கறுப்பு மங்கிய குழலை மங்கியபடியே விடுவது, ஆண்டுக்கு ஐம்பது தோட்டாவுக்கு மேல் சுடாமல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உள்விட்டத்தை அளப்பது, 10 போரை உரிமம் பெற்ற வணிகரிடம் கொடுத்துவிடுவது. வாரிசு மாற்றத்துக்கு மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம் வேண்டும் என்பதால், தருமபுரியில் இருக்கும் தங்கையிடம் தாளை நீட்டினேன். 12 போருக்குக் கையெழுத்துப் போட்டாள். 10 போருக்குப் போடவில்லை. உனக்கு இரண்டு வரம்பு என்றால் எனக்கும் இரண்டுதானே அண்ணா, சுடாத துப்பாக்கிக்கு நான் ஏன் உரிமம் வாங்கக் கூடாது என்று கேட்டாள். ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் எங்கே பெறுவது என்று இப்போது அவளே விசாரித்துக்கொண்டிருக்கிறாள். விண்ணப்பம் தருமபுரி கலெக்டர் அலுவலகத்துக்குப் போகும்வரை அந்த 10 போர் அப்பாவின் உரிமத்திலேயே, வாய் கீழாகச் சாய்ந்தபடி இருக்கிறது.